ரிமோட் கைக்கு வந்த பிறகு ஹாய்ஸ்டை எப்படி இயக்குவது?

"தொங்கும் பட்டன் பெட்டியில் ஓட்டிவந்த எங்கள் 5 டன் ஹாய்ஸ்டுக்கு ரிமோட் பொருத்திவிட்டார்கள். பட்டன்கள் அதே பட்டன்கள்தாம். புதிதாகத் தெரிந்துகொள்ள ஏதாவது இருக்கிறதா? பழைய பெட்டியைக் கழற்றிவிடலாமா?" இவைதாம் கேள்விகள். இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விக்கான பதில் கொஞ்சம் நீளம்.

மேலே இருக்கும் இயந்திரம், அதாவது வடத்தில் தொங்கும் கொக்கியால் சுமையைத் தூக்கும் ஹாய்ஸ்ட், மாறவில்லை. அதே மோட்டார், அதே பிரேக், அதே டிரம் (வடம் சுற்றிக்கொள்ளும் உருளை), அதே கம்பி வடம். மாறியது நீங்கள் நிற்கும் இடம். பட்டன் பெட்டி தொங்கிய காலத்தில் அதன் கேபிள் உங்களை ஒரு கட்டுக்குள் வைத்திருந்தது. ஹாய்ஸ்டைத் தாங்கி ஓடும் டிராலியோடு சேர்ந்து நடந்தீர்கள், சுமைக்குச் சில அடிகள் தள்ளி, எப்போதும் ஏறக்குறைய ஒரே பக்கத்தில். சுமைக்கு அவ்வளவு அருகில் நிற்பது ஆபத்து என்பதால்தான் ரிமோட்டே வந்தது. ஆனால் அந்தக் கேபிள் சத்தமில்லாமல் வேறொரு வேலையையும் செய்துகொண்டிருந்தது. கொக்கியில் கை வைக்க வேண்டுமென்றால் நீங்கள் பெட்டியைக் கைவிட வேண்டும், கைவிட்டால் ஹாய்ஸ்ட் ஓடாது. ரிமோட்டோ உங்கள் உடம்போடு ஒட்டிக்கொண்டு நீங்கள் போகுமிடமெல்லாம் வருகிறது. கொக்கிக்குக் கீழே குனியும்போதும் வருகிறது.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கியர்பாக்ஸை மரக்கட்டைகளின்மேல் இறக்கி வைத்தேன். ரிமோட் இடுப்பு வாரில் தொங்கிக்கொண்டிருந்தது. சுமையைக் கட்டிய ஸ்லிங்கின் கண்ணியைக் கொக்கியிலிருந்து விடுவிக்கக் குனிந்தபோது கியர்பாக்ஸின் விளிம்பில் ரிமோட் அழுந்தியது, மேலேற்றும் பட்டன் அமுங்கியது. வலது கையின் நான்கு விரல்களும் அப்போது கண்ணிக்கும் கொக்கிக்கும் நடுவில் இருந்தன. ஸ்லிங்கில் கொஞ்சம் தொய்வு இருந்தது. கொக்கி ஒரு கையகலம் ஏறி அந்தத் தொய்வை இழுத்து முடிப்பதற்குள் பதறிப் பின்வாங்கினேன், பட்டன் விடுபட்டது. நடுவிரல் நகம் ஒன்றோடு போயிற்று. தொய்வு இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். கை கொக்கிக்குப் போகுமுன் கட்டைவிரல் சிவப்பு பட்டனுக்குப் போகும். காளான் தலை போல இருக்கும் அந்த அவசர நிறுத்த பட்டனை அழுத்தினால் அது அமுங்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும், திருகினால்தான் எழும். ஸ்லிங் மாட்டும்போது, கழற்றும்போது, சுமையின் அடியில் கட்டை நகர்த்தும்போது, எல்லாவற்றுக்கும் முன்பு இது. "அவசரத்துக்கு வைத்த பட்டனை எதற்கு எப்போதும் அழுத்துகிறீர்கள், கெட்டுப்போகும்" என்று ஒரு மேற்பார்வையாளர் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஓடிக்கொண்டிருக்கும் ஹாய்ஸ்டை நிறுத்துவதற்கு அதைத் தினமும் பயன்படுத்தாதீர்கள் என்றால் சரி. நின்றுவிட்ட ஹாய்ஸ்டை நின்றபடியே வைத்திருக்க அழுத்துவதில் தவறே இல்லை. அதனால் கெட்டுப்போகும் பட்டன் என்றால் அது கெட்டுப்போவதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இனி, அந்தச் சிவப்பு பட்டன் உண்மையில் எதைத் துண்டிக்கிறது? பொருத்தியவரிடம் வயரிங் படத்தை வாங்கி, இந்த ஒரு கேள்வியை மட்டுமாவது கேளுங்கள். ஒழுங்கான அமைப்பில் ரிமோட்டின் நிறுத்தக் கட்டளை மேலே அதை வாங்கும் ரிசீவருக்குப் போய், அங்கிருந்து மெயின் கான்டாக்டரை (மொத்த மின்சாரத்தையும் இணைக்கும் மின்காந்த சுவிட்ச்) விழச் செய்யும், அதாவது திறக்கச் செய்யும். மெயின் கான்டாக்டர் விழுந்தால் ஏற்றம், இறக்கம், டிராலி, டிராலி ஓடும் பாலம் எல்லாவற்றுக்கும் போகும் மூன்று ஃபேஸும் ஒரே அடியில் அறுந்துபோகும். பழைய ஹாய்ஸ்டுக்கு மலிவாகப் பொருத்தப்படும் ரிமோட்டுகளில் சில நேரம் இந்த இணைப்பைத் தவிர்த்துவிடுகிறார்கள். சிவப்பு பட்டன் ரிசீவருக்குள் இருக்கும் சிறு ரிலேக்களை மட்டும் நிறுத்தும். சாதாரண நாளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஏற்றத்துக்கான கான்டாக்டரின் முனைகள் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும் நாளில் தெரியும். அன்று பட்டனை விட்டாலும் கொக்கி ஏறிக்கொண்டே இருக்கும், சிவப்பு பட்டனை அழுத்தினாலும் ஏறிக்கொண்டே இருக்கும். அப்போது மிச்சமிருப்பது சுவரில் இருக்கும் மெயின் சுவிட்ச் ஒன்றுதான். அது எங்கே இருக்கிறது, அங்கே ஓடிச்சேர எத்தனை விநாடி ஆகும், வழியில் தட்டுமுட்டுச் சாமான் கிடக்கிறதா என்பதெல்லாம் ரிமோட் வைத்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சோதிப்பது எளிது. வெறும் கொக்கியை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே சிவப்பு பட்டனை அழுத்துங்கள், காதை மேலே வையுங்கள். பட்டனை விடும்போது கேட்கும் சிறு சொடுக்கைவிடக் கனமாக இன்னொரு 'டொக்' கேட்க வேண்டும். அதுதான் மெயின் கான்டாக்டர் விழும் சத்தம். கேட்கவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு சோதனைகள் ரிமோட்டுக்கே உரியவை. முதலாவது, ஏதாவது ஒரு திசை பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரிமோட்டை ஆன் செய்து பாருங்கள். நல்ல ரிமோட் உயிர் பெற மறுக்கும். எண்ணெய்ப் பிசுக்கில் பட்டன் ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தால், ஆன் செய்த கணமே ஹாய்ஸ்ட் தானாக நகரக் கூடாது அல்லவா, அதற்காகத்தான். இரண்டாவது, வெறும் கொக்கியை மெதுவாக இறக்கிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் ரிமோட்டின் பேட்டரியை உருவட்டும். ஹாய்ஸ்ட் தானாகவே, ஏறக்குறைய உடனே, நிற்க வேண்டும். ரிமோட் பட்டனை அழுத்தியபோது மட்டும் பேசிவிட்டு ஓய்வதில்லை. 'நான் இருக்கிறேன்' என்று ரிசீவருக்கு விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குரல் நின்றால் ரிசீவர் தானே மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும். தூரம் அதிகமானாலும், நடுவில் பெரிய இரும்புத் தொட்டி மறைத்தாலும், வேறு அலைகள் குறுக்கிட்டாலும் நடக்க வேண்டியது இதேதான். வேலை நடுவில் அடிக்கடி நின்றுபோகிறது என்று சிலர் குறைப்படுவார்கள். பாதுகாப்பு வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம். ரிசீவரின் ஆன்டெனாவை இரும்புப் பெட்டிக்குள்ளேயே சுருட்டி வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். பாதி இடங்களில் கோளாறு அதுதான்.

அப்படி மின்சாரம் அறுந்தால் தொங்கும் சுமை என்ன ஆகும் என்ற பயம் புதிதாக வருபவர்களுக்கு இருக்கும். ஹாய்ஸ்டின் பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பது மின்சாரம். பல ஹாய்ஸ்டுகளில் மோட்டாரின் ரோட்டாரே கூம்பு வடிவத்தில் இருக்கும். மின்சாரம் வந்ததும் காந்த இழுப்பில் ரோட்டார் சில மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து பிரேக்கை விடுவிக்கும், மின்சாரம் போனதும் ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளி பிரேக்கை அழுத்தும். ஆகவே மின்வெட்டு வந்தால் சுமை அப்படியே நிற்கும். ஆனால் அது தொங்கிக்கொண்டுதான் இருக்கும். சிவப்பு பட்டனை அழுத்தி, மெயின் சுவிட்சை அணைத்து, கீழே யாரும் வராதபடி கயிறு கட்டிவிட்டு மின்சாரம் வரும்வரை காவல் இருங்கள். அவசரக்காரர் ஒருவர் ஏணி போட்டு ஏறி பிரேக்கைக் கையால் தளர்த்தி இறக்கிவிடலாம் என்பார். ஏணியைப் பிடுங்கி வைத்துவிடுங்கள்.

அடுத்தது திசை. பெட்டி தொங்கியபோது நீங்கள் நின்ற பக்கம் மாறாததால் 'முன்னே', 'பின்னே' குழப்பம் வரவில்லை. ரிமோட்டோடு சுமையின் மறுபக்கம் போய் நின்றால் உங்கள் இடது அதற்கு வலது. மூளை இதைக் கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ளும் என்று நினைக்கலாம். சுமை ஒரு மனிதரை நோக்கி நகரும் அந்த ஒரு விநாடியில் திருத்திக்கொள்ளாது. எதிர்ப்பக்கம் அழுத்தி இன்னும் வேகமாக அவர்மேல் தள்ளிவிடும். ரிமோட்டின் பட்டனில் எந்த அம்புக்குறி, எந்த நிறம், எந்த எழுத்து இருக்கிறதோ அதே குறியைப் பாலத்தின் அடியில், தரையிலிருந்து வாசிக்கும் அளவில் பெயின்டால் எழுதுங்கள். வடக்கு, தெற்கு என்று திசையின் பெயரை எழுதுவது இன்னும் நல்லது. நீங்கள் எங்கே போய் நின்றாலும் வடக்கு வடக்குதான். ஒரே கொட்டகையில் இரண்டு ஹாய்ஸ்டுகள் இருந்தால் ஹாய்ஸ்டின் எண்ணை ரிமோட்டின் முதுகிலும் பெரிதாக எழுதுங்கள். ஒரே தயாரிப்பின் ரிமோட்டுகள் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். எதை எடுத்தாலும் முதலில் ஹாரனை அழுத்திப் பார்ப்பது என் பழக்கம். சத்தம் பக்கத்து ஹாய்ஸ்டிலிருந்து வந்தால் கையில் இருப்பது தவறான ரிமோட்.

இனிச் சொல்லப்போவது ரிமோட் பொருத்திய வாரத்தில், அதாவது இப்போது, உங்களுக்கு மிகவும் தேவைப்படுவது. எலக்ட்ரீஷியன் யாராவது பேனலில் கை வைத்த பிறகு, இரண்டு ஃபேஸ்கள் இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். மேலே என்று அழுத்தினால் கீழே போகும். அதைப் பார்த்ததும் சிலர் ரிசீவரில் ஏற்ற, இறக்க வயர்களை மாற்றிப் போட்டு 'சரி' செய்துவிடுவார்கள். இப்போது மேலே என்று அழுத்தினால் மேலே போகிறது, எல்லோருக்கும் திருப்தி. உள்ளே நடப்பது வேறு. கொக்கி உச்சியில் மோதாமல் நிறுத்தும் மேல் எல்லை லிமிட் சுவிட்ச் பொதுவாக ஏற்றத்துக்கான கான்டாக்டரின் சுருளைத்தான் துண்டிக்கும். இந்த மாற்றத்துக்குப் பிறகு கொக்கியை ஏற்றுவது இறக்கக் கான்டாக்டர். கொக்கியைத் தாங்கும் கொக்கிக்கட்டை லிமிட் சுவிட்சைத் தட்டும், சுவிட்சும் தன் கடமையைச் செய்யும், ஆனால் அது அறுப்பது ஓடாத சுற்றை. கொக்கிக்கட்டை டிரம்மில் போய் மோதும், வடம் அறுந்து எல்லாம் கீழே வரும். திசை மாறியிருந்தால் மெயின் லைனில் ஃபேஸைத்தான் மாற்ற வேண்டும், பட்டன் வயரை ஒருபோதும் தொடக் கூடாது. உங்கள் ஹாய்ஸ்டில் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, கொக்கி நடு உயரத்தில் இருக்கும்போது மெதுவாக ஏற்றிக்கொண்டே, ஆள்தூக்கி மேடையில் பாதுகாப்பாக நிற்கும் எலக்ட்ரீஷியன் ஒருவரை லிமிட் சுவிட்சின் கையை ஒரு கம்பால் தள்ளச் சொல்லுங்கள். நின்றால் சரி.

லிமிட் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் வெறும் கொக்கியோடு மெதுவாக ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது. எந்த நாட்டிலும் நல்ல வழக்கம்தான். அதே சமயம், ஒவ்வொரு முறையும் கொக்கி மேலே போய் லிமிட்டில் இடித்து நிற்கட்டும் என்று பட்டனைப் பிடித்துக்கொண்டே இருப்பது கெட்ட வழக்கம். ரிமோட் வந்த பிறகு இது கூடுகிறது. சுமை இல்லாத கொக்கியை ஏற்றிக்கொண்டே ஆள் வேறு பக்கம் நடந்து போகிறார். அந்த சுவிட்ச் கடைசிக் காவல், வாசல் மணி இல்லை.

கீழ் எல்லைக்கும் கவனம் வேண்டும். கொக்கி மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்கும்போதும் டிரம்மில் குறைந்தது 2 சுற்று வடம் மிச்சமிருக்க வேண்டும். வடத்தின் முனையைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தனியாக முழு எடையையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. சுற்றுகளின் உராய்வுதான் பெரும்பகுதியைத் தாங்குகிறது. முழுதும் அவிழ்ந்து, மறுபக்கமாகச் சுற்றத் தொடங்கிவிட்டாலோ, இறக்க அழுத்தினால் கொக்கி ஏறும். கொக்கிக்கட்டை தரையில் உட்கார்ந்த பிறகும் இறக்கிக்கொண்டே இருந்தால் வேறொரு தொல்லை. வடம் தளர்ந்து டிரம்மின் பள்ளத்தை விட்டு வெளியே துள்ளும். அடுத்து ஏற்றும்போது ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஏறி நசுங்கும். கீழே குழிக்குள் வேலை செய்யும்போது ரிமோட் வைத்திருப்பவருக்குக் கொக்கி கண்ணில் படாது, இது அங்கேதான் நடக்கிறது. கொக்கியும் சுமையும் கண்ணில் படாத இடத்தில் ஓட்ட வேண்டி வந்தால் சைகை காட்ட ஒருவரை நிறுத்துங்கள். ஒருவரை மட்டும். அவர் சொன்னால்தான் நகர்த்த வேண்டும், நிறுத்து என்று யார் கத்தினாலும் நிறுத்த வேண்டும்.

எடையைப் பற்றி ஊகம் செய்யாதீர்கள். எஃகின் எடை கன மீட்டருக்கு 7.85 டன். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் தடிமன் உள்ள தகடு ஒன்று ஏறக்குறைய 390 கிலோ. கையில் கால்குலேட்டர் இருக்கும் காலத்தில் இது அரை நிமிட வேலை. ஹாய்ஸ்ட் 5 டன் என்பதால் ஸ்லிங்கும் 5 டன் தாங்கும் என்று அர்த்தமில்லை. 1 டன் சுமையை இரண்டு கால் ஸ்லிங்கில் நேர்செங்குத்தாகத் தூக்கினால் காலுக்கு 500 கிலோ. கால்கள் விரிந்து கிடைமட்டத்தோடு 60 பாகை ஆனால் 577 கிலோ, 45 பாகையில் 707 கிலோ. 30 பாகைக்கு விரித்தால் ஒவ்வொரு காலும் முழு 1 டன்னைத் தாங்குகிறது. 45 பாகைக்குக் கீழே போகாமல் கட்டுவது நான் வைத்திருக்கும் வரம்பு. போதவில்லை என்றால் நீளமான ஸ்லிங் எடுப்பேன்.

தூக்கும்போது வடம் நேராகக் கீழே தொங்க வேண்டும். சுமை கொக்கிக்கு நேர்கீழே இல்லை, ஓர் அடி தள்ளி இருக்கிறது, இழுத்தால் தானே வந்துவிடும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வந்துவிடும், அதுதான் பிரச்சினை. தரையை விட்டுக் கிளம்பும் கணத்தில் சுமை ஊஞ்சல் போல வீசி எதிர்ப்பக்கம் போகும். டிரம்மில் வடத்தை வழிநடத்தும் வளையம் பக்கவாட்டு இழுப்பில் உடையும். வடம் பள்ளம் மாறும். டிராலியை நகர்த்தி நேர்மேலே கொண்டுவர எடுக்கும் நேரம் 10 விநாடிகூட இருக்காது.

ஸ்லிங் இறுகியதும் நிறுத்துங்கள். விரல்கள், கால்கள் எங்கே என்று பாருங்கள். பிறகு ஒரு சாண் அளவு தூக்கி மறுபடி நிறுத்துங்கள். இந்த ஒரு சாண் தூக்கலில் பல செய்திகள் தெரியும். சுமை ஒரு பக்கம் சாய்கிறதா, பட்டனை விட்ட பிறகு சறுக்குகிறதா, எங்காவது பூட்டு போல்ட் கழற்றாமல் விட்டிருக்கிறதா. பிரேக் சறுக்குவதைப் புதிதாக இருக்கும்போதே அளந்து எழுதி வையுங்கள். அதே சுமை, அதே வேகம், பட்டனை விட்ட பிறகு எத்தனை மில்லிமீட்டர் என்று. ஆறு மாதம் கழித்து அந்த எண் இரட்டிப்பானால் பிரேக் லைனிங் தேய்ந்திருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கொண்டுபோகும்போது சுமை தாழ்வாகவே போகட்டும், தடைகளைத் தாண்டும் அளவுக்கு மட்டும் உயரம். நீங்கள் அதற்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ நடங்கள். சுமையைப் பார்த்துக்கொண்டு பின்னோக்கி நடப்பவர்களை ரிமோட் வந்த பிறகுதான் அதிகம் பார்க்கிறேன். காலில் ஒரு குழாய்த் துண்டு தட்டினால் மல்லாந்து விழுவார்கள், சுமை அவர்கள்மேல் வந்துகொண்டிருக்கும். நீளமான பொருளென்றால் அதைத் திருப்பக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள், கையால் தள்ளாதீர்கள். அதன் உயரத்தைவிட அதிகத் தள்ளி நில்லுங்கள், சாய்ந்தாலும் உங்களைத் தொடாதபடி. சுவருக்கும் சுமைக்கும் நடுவில் ஒருபோதும் போகாதீர்கள்.

ஊஞ்சலாட்டத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை எளிதாகிவிடும். வடம் 6 மீட்டர் தொங்கினால் ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 5 விநாடி ஆகும், சுமை 100 கிலோவாக இருந்தாலும் 5 டன்னாக இருந்தாலும். டிராலி நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்தினால் அதே 6 மீட்டர் வடத்தில் சுமை ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 26 சென்டிமீட்டர் வீசும். பக்கத்தில் நிற்பவரைத் தூணோடு நசுக்க அது போதும். சிவப்பு பட்டனை வழக்கமான நிறுத்தத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று முன்பு சொன்னதற்கு இதுவும் காரணம். ஆட்டத்தை அடக்க, சுமை முன்னே வீசி உச்சிக்குப் போகும்போது டிராலியையும் மெல்ல அதே பக்கம் நகர்த்தி அதன் தலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சுமையைத் துரத்திப் பிடிக்கும் இந்தக் கலை வெறும் கொக்கியில் பழகினால் வராது, கொஞ்சம் எடை கட்டித்தான் பழக வேண்டும். ஒரு பிற்பகல் ஒதுக்குங்கள்.

பட்டனைத் தட்டித் தட்டி நகர்த்தும் பழக்கம் பற்றி ஒரு சொல். ஹாய்ஸ்டின் பெயர்ப்பலகையில் எவ்வளவு கடுமையாக ஓட்டலாம் என்பதைக் காட்டும் வகுப்பு ஒன்று எழுதியிருக்கும், எம்4 அல்லது 1ஏஎம் என்பது போல. எம்4 வகுப்பில் மோட்டார் மொத்த நேரத்தில் 30 விழுக்காடு மட்டுமே ஓடலாம், மணிக்கு 180 முறை மட்டுமே தொடங்கலாம். அதாவது சராசரியாக நிமிடத்துக்கு 3 முறை. நீங்கள் ஓர் அச்சை அதன் துளையில் உட்கார வைக்க 'டக் டக் டக்' என்று 20 முறை தட்டினால் அரை நிமிடத்தில் 20 தொடக்கங்கள். ஒவ்வொரு தொடக்கத்திலும் மோட்டார் வழக்கமானதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும், கான்டாக்டரின் முனைகளில் பொறி பறக்கும். முனைகள் உருகி ஒட்டிக்கொள்வது பற்றி மேலே சொன்னேனே, அது இப்படித்தான் வருகிறது. இரண்டு வேக ஹாய்ஸ்ட் என்றால் பட்டனைப் பாதி அழுத்தினால் மெதுவேகம், முழுதும் அழுத்தினால் முழுவேகம். மெதுவேகம் துல்லியத்துக்காகவே கொடுக்கப்பட்டது. ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கு மாறும்போது மோட்டார் முழுதும் நின்ற பிறகு மாற்றுங்கள்.

வடத்தையும் கொக்கியையும் பார்ப்பது ரிமோட்டால் மாறவில்லை, ஆனால் ரிமோட்டால் மறக்கப்படுகிறது, ஏனென்றால் இப்போது யாரும் பக்கத்தில் நிற்பதில்லை. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டு வடத்தை ஒரு பழைய பருத்தித் துணியால் பிடித்துத் தடவிக்கொண்டே போங்கள். அறுந்த கம்பி இருந்தால் துணியைக் கொத்திப் பிடிக்கும். வெறுங்கையால் தடவினால் விரலைக் கொத்தும். அறுந்த இடத்தில் வடத்தின் ஒரு முழு முறுக்கு நீளத்துக்குள் (ஒரு புரி வடத்தை முழுதாக ஒரு முறை சுற்றிவரும் நீளம்) எத்தனை கம்பிகள் அறுந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். மொத்தம் 12, அல்லது ஒரே புரியில் 4 என்றால் வடத்தை மாற்ற வேண்டும் என்பது பரவலாக உள்ள ஓர் அளவு. வடத்தின் அமைப்பைப் பொறுத்து நுணுக்கமான எண்கள் ஐஎஸ்ஓ 4309 தரத்தில் இருக்கின்றன, தயாரிப்பாளரின் கையேட்டில் அவற்றை எடுத்துக் கொடுத்திருப்பார்கள். முடிச்சு போல மடங்கிய வடம், புரிகள் பறவைக்கூண்டு போல விரிந்த வடம், வெல்டிங் சூடு பட்டு நிறம் மாறிய வடம், இவற்றுக்கு எண்ணிக்கையே தேவையில்லை, உடனே கழற்ற வேண்டும். சொல்லப்போனால், தொங்கும் சுமையில் வெல்டிங் செய்வதையே தவிருங்கள். எர்த் கிளாம்ப் சரியாகப் பிடிக்காவிட்டால் வெல்டிங் மின்னோட்டம் வடத்தின் வழியே திரும்பும், மெல்லிய கம்பிகள் உள்ளுக்குள் பொசுங்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

கொக்கி புதிதாக இருக்கும்போது அதன் வாயின் இரு பக்கமும் பெயின்டால் இரண்டு சிறு புள்ளிகள் வைத்து, இடைத்தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரே இப்படிப் புள்ளிகள் அச்சிட்டிருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். அந்தத் தூரம் 5 விழுக்காடு கூடிவிட்டால் கொக்கி அதிகச் சுமையால் விரிந்திருக்கிறது. அதைச் சூடாக்கிச் சுத்தியலால் அடித்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரும் கொல்லர் எங்கும் உண்டு. அவரிடம் போகாதீர்கள். வாயை மூடும் தாழ் ஸ்பிரிங்கோடு துள்ளி மூட வேண்டும், கம்பியால் கட்டித் திறந்து வைத்திருந்தால் கம்பியை அறுத்துப் போடுங்கள்.

வேலை முடிந்ததும் கொக்கியில் எதுவும் தொங்கக் கூடாது. ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி, நடைபாதையை விட்டு ஒதுக்கி நிறுத்தி, சிவப்பு பட்டனை அழுத்தி, ரிமோட்டின் சாவியை உருவி, மெயின் சுவிட்சை அணையுங்கள். சாப்பிடப் போனாலும் இதேதான். ரிமோட்டை மேசைமேல் போட்டுவிட்டுப் போனால், அதை எடுத்து அழுத்திப் பார்க்க ஆசைப்படாத மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. பேட்டரி தீரும் விளக்கு எரிந்தால் கையில் இருக்கும் சுமையை முதலில் இறக்கி வைத்துவிட்டு மாற்றுங்கள். 'இந்த ஒன்றை முடித்துவிடலாம்' என்பவரின் சுமைதான் நடுவானில் நிற்கும்.

பழைய பட்டன் பெட்டிக்கு வருகிறேன். கழற்றாதீர்கள். ரிமோட் கீழே விழுந்து உடைந்த அன்று, சுமை மேலே இருக்கும் நிலையில், உங்களுக்கு வேறு வழி இருக்காது. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கக் கூடாது. ஒருவர் ரிமோட்டில் இறக்கிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் பெட்டியில் கை வைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பேனலில் சாவியோடு கூடிய ஒரு தேர்வு சுவிட்ச் போடச் சொல்லுங்கள், ரிமோட் அல்லது பெட்டி, இரண்டில் ஒன்று. பெட்டியில் இருக்கும் அவசர நிறுத்த பட்டன் மட்டும் எந்த நிலையிலும் வேலை செய்ய வேண்டும். கேபிளைத் தலையில் இடிக்காத, ஆனால் கையை நீட்டினால் எட்டும் உயரத்தில் சுருட்டிக் கட்டுங்கள். மாதம் ஒரு முறை தேர்வு சுவிட்சைத் திருப்பிப் பெட்டியிலும் ஓட்டிப் பார்த்து, தேதியைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.